கண்ணாடித் தொட்டியிற் கடல்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனிதன் தன் உழைப்பைக் குறைத்துக்கொள்ள விரும்புதல் குற்றமாகாது. ஏர் முதல் இயந்திரம் ஈறாக அவன் ஆக்கிய கருவிகள் யாவும் அவ்விருப்பின் பேறுகளே. ஆயின், தன்னாற் பேணப்படாவிடின் உயிர்வாழ இயலாத ஓர் உயிரைத் தானே விரும்பித் தேடி இல்லத்துட் கொணர்ந்து வைத்த ஒருவன், அதற்குத் தான் செய்யவேண்டியதை இயன்ற அளவு குறைத்துக்கொள்ள முற்படுவானாயின், அஃது அறத்தோடு பொருந்துமா? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது உப்புநீர் மீன்தொட்டி. அதிக சிரமமின்றிக் கடல்மீன் வளர்க்கலாம் என்னும் வாக்குறுதியோடு அது பலர்க்கும் அறிமுகமாவதால், நமது வினாவுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

மனிதர் துயர்க்கே விடை காணப்படாத நாட்டில் மீனின் நலம்பற்றிப் பேசுதல் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. எனினும், கடமை என்பதன் இயல்பைத் தெளிவாகக் காண்பதற்குச் சிறிய எடுத்துக்காட்டுக்கள் பெரிதும் உதவுகின்றன. மீன் நன்றி கூறாது, முறையிடாது, ஊரார் முன் நம்மை நாணச் செய்யாது. அதனைப் பேணுவதால் புகழோ, பேணாமையாற் பழியோ நமக்கு உண்டாவதில்லை. புகழும் பழியும் நீங்கிய இடத்தில் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே கடமையின் உண்மை வடிவம் எனலாம்.

முதற்கண் தொட்டியின் இயல்பை நோக்குவோம். கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. எனவே 100 லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றுக்கு மூன்றரைக் கிலோகிராம் உப்பு வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அத்தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வீதம் ஒரு வாரம் நீர் வற்ற விடப்படின், லீற்றர் ஒன்றுக்கு 35 கிராமாக இருந்த உவர்ப்பு 37.6 கிராம் அளவுக்கு உயர்ந்துவிடும். ஆதலால் வற்றிய அளவை நன்னீரால் நிரப்புதல் நாள்தோறும் செய்யவேண்டிய பணியாகின்றது. மேலும், மீனின் கழிவிலிருந்தும் உண்ணாது எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. இது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் இதனை நைத்திரைற்றாகவும், வேறொரு வகையின நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இச்செயலைப் புரியும் நுண்ணுயிர்களை உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890 ஆம் ஆண்டளவில் வேறுபடுத்திக் காட்டினார். புதுத் தொட்டியொன்றில் இவை போதிய அளவிற் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதுவரை காத்திராது மீனை இடுபவன், அதனை நஞ்சிலேயே இடுகின்றான்.

இனி, குறைந்த உழைப்பு என்பதன் பொருளை ஆராய்தல் வேண்டும். ஒரே சொற்றொடராற் குறிக்கப்படினும் அது மூன்று வெவ்வேறு நிலைகளை உள்ளடக்கி நிற்கின்றது.

முதலாவது நிலையில் உழைப்புக் குறைவதில்லை; கைமாறுகின்றது. இதற்கு உப்புநீர்த் தொட்டியின் வரலாற்றுத் தொடக்கமே சான்று பகர்கின்றது. இங்கிலாந்தில் ஆனா தைன் என்னும் சீமாட்டி 1846 ஆம் ஆண்டில் டோர்க்கே கடற்கரையிலிருந்து முருகை உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று தம் இல்லத்தில் வளர்த்தார். நீரிற் காற்றுக் கலத்தற்பொருட்டு அதனைத் திறந்த சாளரத்தின் முன்னே பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு நெடுநேரம் மாறி மாறி ஊற்றவேண்டியிருந்தது. அவ்வாறு ஊற்றியவள் அவர் வீட்டுப் பணிப்பெண். அது சோர்வு தரும் வேலையென்பதைப் பின்னர் எழுதிய குறிப்பில் ஏற்றுக்கொள்ளும் அச்சீமாட்டி, பணிப்பெண்ணோ அதனை ஒரு பொழுதுபோக்காகவே கருதினாள் என்கின்றார். அவர் கூற்று உண்மையாகவும் இருக்கலாம். எனினும் பணிப்பெண்ணின் குறிப்பு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பிறர்மீது சுமையை ஏற்றுவோர், சுமப்பவர்க்கு அது சுமையன்று என நம்பிக்கொள்ளுதல் எக்காலத்துக்கும் பொதுவான வழக்கம் போலும்.

இன்றைய இல்லங்களிலும் இந்நிலையைக் காணலாம். தொட்டியை வாங்கியவர் ஒருவர். அவர் வெளியூர் செல்லும்போதும் பரீட்சைக்குப் படிக்கும்போதும் நீர் நிரப்புபவர் பெரும்பாலும் அவர் தாயார். இல்லத்துக்கு வெளியே நோக்கினால் இக்கைமாற்றம் மேலும் நீண்டு செல்கின்றது. உலக மீன்தொட்டிகளுக்கு அலங்காரக் கடல்மீன்களை அனுப்பும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கிழக்குக் கரையிலும், ஏனைய காலத்தில் மேற்கு, தெற்குக் கரைகளிலுமாக நம் சுழியோடிகள் இம்மீன்களைத் தேடி மூழ்குகின்றனர். ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுவோரையும், ஒரே நாளிற் பலமுறை மூழ்குவோரையும் முடமாக்கவல்ல நோய் ஒன்றுண்டு. அந்நோயின் நிழலில் நிகழும் உழைப்பைத் தொலைதூர நகரத்து வரவேற்பறையில் நீந்தும் மீன் காட்டுவதில்லை. பிலிப்பைன்சில் 1960 களிலிருந்து மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைட்டு நஞ்சும் பயன்படுத்தப்பட்டது. பிடிப்பவனுக்கு அதனால் உழைப்புக் குறைந்தது உண்மை. அக்குறைவின் விலையை முருகை உயிர்கள் செலுத்தின.

யாவற்றினும் எளிய கைமாற்றம் ஒன்று எஞ்சியுள்ளது. மீன் இறந்தால் வேறொன்று வாங்கலாம் என்னும் எண்ணமே அது. இங்கே உழைப்பின் குறையை ஈடுசெய்வது மீனின் உயிர். கோமாளி மீன் நன்கு பேணப்படின் தொட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. அதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் ஒருவர், பூச்சாடியில் மலர் மாற்றுவது போலவே அதனைச் செய்கின்றார்.

இரண்டாவது நிலையில் உழைப்பு இயந்திரத்திடம் ஒப்படைக்கப்படுகின்றது. நீரைச் சுழற்றும் பம்பி, வெப்பத்தைச் சீராக்கும் கருவி, வற்றிய நீரைத் தானாக நிரப்பும் பொறி என்பன இன்று கிடைக்கின்றன. இவற்றைப் பயன்படுத்துதல் தவறன்று. பணிப்பெண்ணைச் சாளரத்தின் முன் நிறுத்துவதினும் பம்பியை நிறுத்துவது மேலானதே. ஆயினும் இயந்திரம் செய்கையை ஏற்குமேயன்றிப் பொறுப்பை ஏற்காது. 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. பம்பி நின்ற தொட்டியில் ஒட்சிசன் குறையும்போது, ஒரு கோலினால் நீரைக் கலக்கிக்கொண்டிருக்க எவரேனும் அருகில் இருக்கவேண்டும்.

மூன்றாவது நிலையே நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், தாம் கடல்மீன் வளர்த்த முறையை 1961 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் விளக்கினார். சிக்கலான வடிகட்டிகளை அவர் நாடவில்லை. நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் குடிகொண்ட கடற்கற்களைத் தொட்டியில் இட்டார். காற்றுக் குமிழ்களால் நீரை மெல்ல அசைத்தார். எஞ்சியதை இயற்கையிடம் விட்டார். உயிர்ப்பாறை எனப் பின்னர் பெயர் பெற்ற அக்கற்களில் வாழும் பற்றீரியாக்களே நீரைத் தூய்மை செய்தன. இங்கு உழைப்புக் குறைந்தமைக்குக் காரணம் அறிவு. இயற்கையின் ஒழுங்கை அறிந்தவன் அதனோடு மல்லாடுவதில்லை.

அறிவு மட்டும் போதாது, அடக்கமும் வேண்டும். இத்தகைய தொட்டி இடரின்றி நடப்பதற்குரிய விதிகள் யாவும் ஆசையைக் குறைக்கும் விதிகளாகவே அமைந்துள்ளமை நோக்கற்பாலது. தொட்டி பெரிதாகவும் மீன்கள் சிலவாகவும் இருத்தல் வேண்டும். 20 லீற்றர்த் தொட்டியில் ஒரு மீன் இறந்து அழுகின், அதனாற் சேரும் அமோனியாவின் செறிவு 200 லீற்றர்த் தொட்டியில் உள்ளதினும் பத்து மடங்காகும். உணவு சிறிதாக இடல் வேண்டும். காத்திருக்க வேண்டிய வாரங்களைக் காத்திருந்தே கழித்தல் வேண்டும். கடையிற் கண்ட அழகிய மீனெல்லாம் தன் தொட்டிக்குரியது என எண்ணாதிருத்தல் வேண்டும். பவளத்தையே உண்டு வாழும் வண்ணத்துப்பூச்சி மீன் வகைகள் தொட்டியிற் பட்டினியால் மடிவதே பெரும்பான்மை. அவற்றை வாங்காதிருத்தற்கு எவ்வித உழைப்பும் வேண்டியதில்லை. ஆசையை வெல்லும் மனவலிமை ஒன்றே வேண்டும். நூறு லீற்றர் நீரில் இரண்டு கோமாளி மீன்களோடு நிறைவுறுபவர்க்கு நாள்தோறும் சில நிமிடப் பணியும், வாரந்தோறும் பத்து லீற்றர் நீரை மாற்றும் பணியும் பெரும்பாலும் போதும். பத்து மீன்களை அதே நீரில் அடைப்பவர் நாளெல்லாம் உழைத்தும் அவற்றைக் காக்கமாட்டார்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழுதல் கூடும். நாளெல்லாம் உழைப்பவரிடத்தன்றோ அன்பு மிகுதியாக உள்ளது? சில நிமிடங்களில் முடியும் பணியை அன்பு எனல் தகுமோ? உழைப்பின் அளவால் அன்பை அளக்கும் இவ்வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஆயினும் தொட்டியின் அனுபவம் இதற்கு மாறாகவே உள்ளது. கற்களை நாள்தோறும் இடம்மாற்றுபவரும், நீர் சற்றுக் கலங்கியதும் மருந்து ஊற்றுபவரும், பாசமிகுதியால் உணவை அள்ளி இடுபவரும் மீனைக் கொல்லுகின்றனர். பேணுதலின் உயிர்நிலை கவனம் என்னும் ஒன்றே. மீன் உண்ண வருகின்றதா, செவுள் விரைந்து அசைகின்றதா என நாள்தோறும் நோக்குபவர் கைகளால் அதிகம் செய்யாதிருக்கலாம். ஆனால் அவர் அங்கே இருக்கின்றார். உழைப்பைக் குறைக்கலாம், கவனத்தைக் குறைத்தல் இயலாது.

இக்கடப்பாடு எங்கிருந்து பிறக்கின்றது? மேனாட்டு மெய்யியலாருள் கான்ற், விலங்குகள்பாற் கொடுமை செய்தல் மனிதனின் ஒழுக்க உணர்வை மழுங்கச் செய்யும் என்ற அடிப்படையில் அதனைக் கண்டித்தார். பெந்தாமோ துன்புறும் ஆற்றலையே அளவுகோலாகக் கொண்டார். மீன்களின் உடலில் ஊறுணர் நரம்புகள் உள்ளமையை 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது; அவ்வுணர்வு நாம் அறியும் வேதனையை ஒத்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கின்றது. ஆயின் நம் வினாவுக்கு அவ்விவாதத்தின் முடிவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள். கடலில் நீந்தும் மீன்பால் நாம் காட்டுவது அருளாகலாம். தொட்டியில் நீந்தும் மீனுக்கும் நமக்கும் தொடர்புண்டு. அத்தொடர்பை ஆக்கியவர்களும் நாமே. அது தன் உணவைத் தேடும் ஆற்றலையும், தீய நீரிலிருந்து விலகிச்செல்லும் உரிமையையும் நாம் பறித்தோம். பறித்ததற்கு ஈடாக நாம் கொடுப்பதைக் கருணை எனல் பொருந்தாது. அது கடன்.

அங்ஙனமாயின் மீனைக் கடலிலேயே விடுதல் அன்றோ யாவற்றினும் குறைந்த உழைப்பு எனின், அவ்வாதத்தை முற்றாக மறுத்தல் அரிது. பிலிப் ஹென்றி கொஸ் 1854 ஆம் ஆண்டில் எழுதிய நூல் இங்கிலாந்தில் மீன்தொட்டி மோகத்தைப் பரப்பியது. விரைவிலேயே கடற்கரைப் பாறைக் குழிகளை மக்கள் திரண்டு வறிதாக்கினர். அவ்வழிவை அவர் மகன் எட்மண்ட் கொஸ் 1907 இல் வெளியிட்ட நூலில் வருந்திக் குறித்துள்ளார். தந்தையின் நோக்கமோ மக்கள் கடலை நேசிக்கவேண்டும் என்பதே. நேசமும் அழிவும் இவ்வாறு ஒன்றாய் வரக்கூடுமென்பதை நாம் மறத்தலாகாது. மறுபுறத்தே, தொட்டியைத் தீண்டாதவர் எல்லாரும் கடலுக்குத் தீங்கு செய்யாதவர் என்பதும் பொருந்தாது. 1998 ஆம் ஆண்டிற் கடல்நீர் வெப்பமுற்று ஹிக்கடுவை முதலிய இடங்களின் முருகைக்கற்பாறைகள் வெளிறி மடிந்தமைக்கு மீன் வளர்ப்போர் காரணரல்லர்.

ஆகவே மீன் வளர்த்தலை ஒருங்கே விலக்குதலினும், அதற்குரிய நிபந்தனைகளை வகுத்தலே தக்கது. தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட கோமாளி மீன் போன்றவற்றை மட்டும் கொள்ளுதல், முருகைக்கற்பாறையிலிருந்து பெயர்த்த கல்லை விடுத்துச் செயற்கைக் கல்லில் நுண்ணுயிர்களைப் பெருக்குதல், மீனின் முழு ஆயுளையும் எண்ணிப் பார்த்த பின்னரே வாங்குதல், இல்லாத வேளையில் யார் பேணுவர் என்பதை அவரிடமே கேட்டு அவர் இசைவு பெறுதல் என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றை நிறைவேற்ற இயலாதவர் தொட்டியை வாங்காதிருத்தலே அறம்.

குறைந்த உழைப்பை நாடுதல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. நான் செய்யாது விட்ட பணியை இப்போது செய்பவர் யார் என்ற வினாவை எழுப்பினால் அதன் தன்மை வெளிப்படும். பற்றீரியா செய்கின்றது, அல்லது என் ஆசை குறைந்தமையால் அப்பணியே தேவையற்றதாயிற்று என்பது விடையாயின், அவ்வோய்வு நமக்கு உரியதே. பணிப்பெண்ணோ தாயாரோ சுழியோடியோ மீனோ அதனைச் சுமப்பதாயின், நமது ஓய்வு பிறர்க்குரியதைக் கவர்ந்ததாகும். இவ்வளவுகோல் மீன்தொட்டியோடு நின்றுவிடுவதன்று. நமது விடுதி அறை யாரால் தூய்மையாகின்றது, நமது உணவு யார் கையாற் சமைந்து வருகின்றது என்பவற்றையும் அதே கோலால் அளத்தல் கற்றவர்க்குக் கடனாகும்.