டாஷ்போர்டில் ஒரு புனிதர்



இன்றைய நற்செய்தியில் பரிசேயரும் வரிதண்டுபவரும் கோவிலுக்குப் போகிறார்கள். பரிசேயர் தன் செபத்தில் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். நோன்பிருந்தது உண்மை, பத்தில் ஒரு பங்கு கொடுத்ததும் உண்மை. அப்புறம் எங்கே இடறினார்? இதை யோசிக்கும்போதெல்லாம் ‘கிராஷ்’ என்ற அமெரிக்கப் படத்தில் வரும் இளம் போலீஸ்காரர் ஒருவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

பால் ஹேகிஸ் இயக்கிய அந்தப் படம் 2006-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். கறுப்பினத்தவர், வெள்ளையர், ஈரானிலிருந்து வந்து கடை வைத்துப் பிழைப்பவர், பூட்டு மாட்டும் லத்தீனோ தொழிலாளி என்று பலர், ஒருவர் வாழ்க்கையில் இன்னொருவர் போய் முட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஊரில் இத்தனை தற்செயலா என்று எனக்கும் பட்டது. அது கிடக்கட்டும்.

ரயன் என்ற மூத்த போலீஸ்காரர், சோதனை என்ற பெயரில், கணவரின் கண்முன்னே ஒரு கறுப்பினப் பெண்ணின் உடலில் கைவைத்து அவமானப்படுத்துகிறார். கூட இருந்த இளையவர் ஹான்சனுக்கு அருவருப்பு. இவரோடு இனி ரோந்து போகமாட்டேன் என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பிரிந்துவிடுகிறார். மறுநாள் அதே கணவரைப் போலீஸ் துப்பாக்கிகள் சூழ்ந்தபோது குறுக்கே நின்று காப்பாற்றுவதும் இவரே. நல்லவர்தான், சந்தேகமில்லை.

அன்றிரவு தன் சொந்தக் காரில் போகும்போது, வழியில் நின்ற பீட்டர் என்ற கறுப்பின இளைஞரை ஏற்றிக்கொள்கிறார். பீட்டர் கார் பறிக்கிறவர். அது ஹான்சனுக்குத் தெரியாது. டாஷ்போர்டில் புனித கிறிஸ்டோபரின் சிறு சுரூபம்: குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர், பயணிகளின் பாதுகாவலர். அதைக் கண்டதும் பீட்டர் சிரிக்கிறார். தன்னைத்தான் கேலி செய்கிறார் என்று ஹான்சனுக்குக் கோபம். கீழே இறங்கு என்கிறார். காட்டுகிறேன் என்று பீட்டர் பைக்குள் கைவிடுகிறார். துப்பாக்கி வெடிக்கிறது. செத்தவர் கையில் இருந்தது அதே போன்ற ஒரு கிறிஸ்டோபர் சுரூபம்.

ரயனோ, கவிழ்ந்து தீப்பற்றும் காருக்குள் ஊர்ந்து போய், தான் அவமானப்படுத்திய அதே பெண்ணை இழுத்து மீட்கிறார். அதனால் அவர் பாவம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்.

ஹான்சனுக்குத் தன் நெஞ்சைச் சோதித்துப் பார்க்கும் தேவையே வரவில்லை. அதுதான் பக்கத்து இருக்கையில் ரயன் இருந்தாரே! அவரைப் பார்த்தாலே போதும், தான் சுத்தம் என்று தெரிந்துவிடும். கோவிலில் பின்னால் நின்ற வரிதண்டுபவர் பரிசேயருக்கு அப்படித்தான் உதவினார்.

நம்மிடையேயும் இப்படித்தான். “நான் சாதி பார்க்கிறதில்லை சாமி” என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் வீடு வாடகைக்குக் கேட்டு ஒருவர் வாசலில் வந்து நின்றால், ஊர் பேரைக் கேட்டதோடு நிற்காமல் “அங்கே எந்தத் தெரு?” என்ற கேள்வியும் நம் வாயில் தானாக வந்துவிடுகிறது. கடைசியாக அதை யாரிடம் கேட்டோம் என்று, விசுவாச அறிக்கைக்கு எழுமுன் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.