அரைப் புள்ளியின் விலை

சதுரங்கப் போட்டிக்குப் போன பிள்ளை கணியம்பாடிக்குத் திரும்பி வந்து "டிரா" என்றால், வீட்டில் பலருக்கு அது பாதித் தோல்வியாகவே படுகிறது. டிராவில் கிடைக்கும் அந்த அரைப் புள்ளி எவ்வளவு பெறும் என்பதோ அதுவரை ஏறியிருக்கும் கணக்கைப் பொறுத்தது. இதை விளக்க 2012 மே 30-ஐ விடப் பொருத்தமான நாளை நான் அறியேன்.

மாஸ்கோவில் உலகப் பட்டத்துக்காக விசுவநாதன் ஆனந்தும் இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்டும் ஆடிய 12 நீண்ட ஆட்டங்களில் 10 டிரா; ஆளுக்கொரு வெற்றி. 6-6 என்று நின்றதால் நான்கு ரேபிட் ஆட்டங்கள். ஆளுக்கு 25 நிமிடம். காய் நகர்த்தும்போதெல்லாம் 10 விநாடி கூடும். காலாவதியில் தோற்காமல் ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போக அந்த 10 விநாடி போதும். நிலையை ஆழமாக அலசப் போதாது. ரேபிட்டின் கொடுமையே இதுதான்.

முதல் ஆட்டம் டிரா, இரண்டாவதில் ஆனந்த் வெற்றி. மூன்றாவதில் கறுப்புக் காய்களுடன் அவர் திணறினார். யானைகள் மிஞ்சிய இறுதிக்கட்டத்தில் கெல்ஃபாண்டுக்கு வெல்லும் வழி இருந்தது, கடிகாரத்தில்தான் நேரமில்லை. யானை இறுதிக்கட்டம் அப்படிப்பட்டது: எட்ட நின்றே ராஜாவுக்கு செக் வைத்துத் துரத்தலாம், ஒரு சிப்பாய் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். வெல்ல வேண்டியவர் ஒரு நகர்த்தல் பிசகினால் போதும், வெற்றி கைநழுவிவிடும். அன்றும் நழுவியது. அன்றைய ஆட்டங்களில் பெரியது ஆனந்த் வென்றதல்ல, தப்பித்த இந்த மூன்றாவதுதான் என்பேன். அதனால்தான் நான்காவதில் அவருக்கு டிராவே போதுமானதாக இருந்தது. அதையும் எடுத்தார், 2.5-1.5, பட்டம் அவரிடமே நின்றது.

அதே அரைப் புள்ளி 2023 ஆகஸ்ட் 24 அன்று பாகுவில் நம் பிள்ளைக்கு எதிராகத் திரும்பியது. உலகக் கோப்பை இறுதியில் 18 வயது பிரக்ஞானந்தா, மாக்னஸ் கார்ல்சனுடன் இரண்டு நீண்ட ஆட்டங்களையும் டிரா செய்திருந்தார். முதல் ரேபிட்டில், வெள்ளைக் காய்களுடன் ஆடியும் தோற்றார். இரண்டாவதில் வென்றே ஆக வேண்டும், அதுவும் கறுப்பில். வெல்ல வேண்டுமென்றால் சிக்கல் வேண்டும். கார்ல்சனோ சிக்கலுக்கு இடமே கொடுக்கவில்லை. 22 நகர்த்தலில் ஆட்டம் சமனாக முடிந்தது, கோப்பை கார்ல்சனுக்கு. இரண்டாம் இடம் பிரக்ஞானந்தாவுக்கு, உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆடும் தகுதியைக் கொடுத்தது.