தட்டின் அடிப்பக்கம்

இஸ்தான்புல்லில் என்னோடு வேலை செய்பவர் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சுவர் நிறைய இஸ்னிக் பாணித் தட்டுகள். துலிப், கார்னேஷன், கோபால்ட் நீலம், தொட்டால் லேசாகப் புடைத்து நிற்கும் அந்தச் சிவப்பு. ஆனால் மேசைக்கு வந்த சோபான் சாலட் சாதாரணக் கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தது. கொல்லையில் அப்போதுதான் பறித்த தக்காளி, வெள்ளரி, மேலே எலுமிச்சைச் சாறு. "அந்தத் தட்டுல வைக்கலாமே?" என்றேன். அவருடைய அம்மா ஒன்றைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அலங்காரத்துக்கு மட்டும், உணவுக்கு அல்ல என்று எழுதியிருந்தது.

16ஆம் நூற்றாண்டு இஸ்னிக் குயவர்கள் தங்கள் மெருகில் காரீயம் சேர்த்தார்கள். காரீயம் சேர்ந்தால் மெருகு குறைந்த சூட்டிலேயே உருகி, கண்ணாடிபோலத் தெளிவாகப் படியும். அடியில் இருக்கும் நிறம் துலங்கும். அந்த அழகில் பாதி அதனால்தான். இன்று காரீயம் இல்லாமலும் செய்கிறார்கள், ஆனால் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. சரியாகச் சுடாத காரீய மெருகிலிருந்து புளிப்பு காரீயத்தை இழுத்துவிடும். குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது.

முந்தைய வருடம் அங்கிருந்து வாங்கிய கிண்ணம் ஒன்றை சென்னையில் நண்பனுக்குக் கொடுத்திருந்தேன். மாடித்தோட்டத்துத் தக்காளியை அவன் மகள் அதில்தான் சாப்பிடுகிறாள், போட்டோகூட அனுப்பியிருந்தான். அடியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கடைக்காரர் "சாப்பிடலாம்" என்றார்.

அவர் பொய் சொன்னாரா? தெரியவில்லை. செய்தவரிடம் அவர் கேட்டிருக்கவே மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டால் பதில் வந்துவிடுமே.

அன்றிரவே நண்பனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பாட்டி ஈயச் சொம்பில் ரசம் வைக்கவில்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெள்ளீயம், இது காரீயம் என்பது எனக்குத் தெரியும். காரீயம் இல்லாத மெருகாகவும் இருக்கலாம், உறுதியாகத் தெரியாமல் எதற்குப் பயமுறுத்துவது என்றும் தோன்றியது. ஆபீஸில் யாராவது ஒரு பக்-ஐ இப்படி மூடி வைத்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியும். உண்மையில், ஆசையாகக் கொடுத்த பரிசு அது. அதைத் திரும்பப் பிடுங்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் கூப்பிட்டேன். கிண்ணத்தை எடுத்து வைத்துவிடு, குழந்தைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"உனக்கு எப்படா தெரிஞ்சுது?"

"செவ்வாய்க்கிழமை."

அன்று வெள்ளி.