முறுமுறுப்பும் முறையீடும்

எக்காரியத்தையும் முறுமுறுப்பின்றிச் செய்தல் வேண்டுமெனப் பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி நகரத்துச் சபையார்க்கு எழுதிய நிருபத்தில் போதித்துள்ளார். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலே பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் மக்களுள் கிறிஸ்தவர்களாயிருந்தோர் இப்போதனையை நன்கறிவர். ஆயின் இதன் பொருள் யாது? அநீதியைக் கண்டும் வாய்மூடிக் கிடத்தலே பக்தியென்பதா? இதனை நாம் ஆராய்தல் அவசியம். உழைப்பாளியின் வாயை அடைக்க விரும்புவார்க்கு இதனினும் வசதியான போதனை வேறில்லையன்றோ!

வேதாகமத்தையே சான்றாகக் கொள்வோம். எகிப்திலே அடிமைப்பட்டுச் செங்கல் அறுத்த இஸ்ரவேலர் கூக்குரலிட்டனர். கடவுள் அதனைக் கேட்டு இரங்கினார். அம்மக்களே விடுதலை பெற்று வனாந்தரத்தில் நடந்தபோது, எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் நினைந்து அழுதனர், தண்டிக்கப்பட்டனர். முன்னது விடுதலையை நாடிய குரல். பின்னது அடிமை வாழ்வையே இனிப்பாகக் காட்டிய குரல். யாக்கோபின் நிருபத்திலும், வேலையாட்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வரைக் கடிந்த அதே அதிகாரம், சகோதரர் ஒருவரையொருவர் நொந்து பேசலாகாதெனவும் விலக்குகிறது.

இன்னுமொன்று காண்க. எருசலேம் சபையின் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டமையால் முறுமுறுப்பு எழுந்தது. பவுல் விலக்கிய அதே கிரேக்கச் சொல்லே இங்கும் வழங்குகிறது. அப்போஸ்தலர் அவர்களை அதட்டினாரல்லர். பங்கீட்டைக் கவனிக்க எழுவரை ஏற்படுத்தினர். முறுமுறுப்பை ஒழிக்கும் வழி வாயை அடைப்பதன்று, குறையைத் தீர்ப்பதே என்பது இதனால் விளங்கும்.

தோட்ட வாழ்வை நோக்குவோம். விடியுமுன் பெரட்டு, மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை. துரையிடமும் கங்காணியிடமும் சொல்ல அஞ்சிய சொல், லயத்து வீட்டிலே மனைவி மக்கள்மீது இறங்கிற்று. முறுமுறுப்பு எளியாரை நோக்கிப் பாய்வது. முறையீடு வலியாரை நோக்கி நிமிர்வது. முன்னது முதுகுக்குப் பின்னே பேசும். பின்னது தீர்க்கவல்லார்முன் நின்று தீர்வைக் கேட்கும்.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்க, வாங்கினோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர் வேலையும் குடியிருப்பும் இழந்தனர். புலம்பக் காரணம் நிரம்ப இருந்தது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தம் சிறு சேமிப்பைப் பங்காக இட்டனர். சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. துண்டாடல் அதனால் முற்றும் நின்றதெனச் சொல்வதற்கில்லை. ஆயினும் புலம்பிய மக்களே உடைமையாளராயினர். சம்பந்தன் கிறிஸ்தவரல்லர், எனினும் எழுவரை ஏற்படுத்திய நெறிக்கு இதுவே நம் நாட்டு விளக்கமெனலாம்.

அத்தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். ஆனால் அண்டை வீட்டானையும் உடன்பிறந்தானையும் நொந்துகொள்ளும் பழக்கம் கூடவே பெயர்ந்து வந்தது. அதனை விடுவோமாக, நம் குறையை எழுதிக் கையொப்பமிட்டு, உரியவரிடம் கொடுப்போமாக. முறுமுறுக்காதே எனப் பிறர்க்குப் போதிப்போரும், முதலில் அவர்தம் முறையீட்டைச் செவிமடுப்பாராக. கேளாச் செவியினர்க்கு அப்போதனையைச் சொல்லும் உரிமை இல்லை.