கேட்டலும் கேட்கப்படுதலும்

இரு பொருள்கள் தொடர்புற்றிருக்கின்றன என்று எப்போது சொல்லலாம் என்பது தருக்க நூலார் நெடுங்காலம் ஆராய்ந்த வினாவாகும். அன்னம்பட்டர் வடமொழியில் இயற்ற, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகம், பிரிந்திருந்த பொருள்கள் கூடுவதைச் சம்யோகம் என்று பெயரிட்டுக் குணங்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. மலரின் நிறம் மலரை மட்டுமே பற்றி நிற்பது. சம்யோகமோ கூடிய இரண்டிலும் ஒருங்கே தங்குவது. ஆதலால் ஒரு பக்கத்தில் மட்டும் நிலவும் கூட்டம் என்று ஒன்று இருக்க இயலாது. கம்பியில்லாத் தொடர்பு முறைகளை ஒப்பிட்டு நோக்கும்போது இந்தப் பழைய வரையறை எவ்வளவு கூரியது என்பதை இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்கள் காட்டுகின்றன.

ஒப்பீடு பெரும்பாலும் வேகத்தைக் கொண்டே செய்யப்படுகிறது. இலங்கையில் 3ஜி 2006லும் கைபேசிக்கான 4ஜி 2013லும் வணிகச் சேவையாக வந்தன. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடப் பன்மடங்கு தரவைச் சுமந்தது. ஆயினும் மலைச்சரிவில் வேகத்துக்கு முன்னதாக அலையின் நீளம் பேசுகிறது. 900 மெகாஹேர்ட்ஸ் அலை ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் நீளமுடையது; அது முகடுகளை ஓரளவு வளைந்து கடக்கும். 2600 மெகாஹேர்ட்ஸ் அலையோ அதில் மூன்றிலொரு பங்கு நீளமே உடையதாய், கூடுதல் தரவைச் சுமக்க வல்லதாயினும், முகட்டின் மறுபுறத்தில் நிழலை விட்டுச் செல்லும். வீட்டுக்குள் வைஃபை அமைத்தாலும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரை வெளியிலிருந்து வரும் அலையைத் திருப்பியனுப்புவதால், அந்த வைஃபைக்கு ஊட்டமளிக்கும் ரவுட்டரின் அன்ரெனா கூரைக்கு வெளியே நிற்க வேண்டியதாகிறது. 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க், ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியாக முகடுகளைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அதற்குத் திறந்த வானமும், தோட்டக் கூலியில் எளிதில் அடங்காத செலவும் தேவைப்படுகின்றன.

இவ்வளவும் கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் இறங்குவழியை முன்வைத்த கணக்கே. கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் ஏறுவழியை எடுத்துக்கொண்டால் படம் மாறிவிடுகிறது. கோபுரம் பல வேளைகளில் 20 வாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றலுடன் அலையை அனுப்ப, 4ஜி கைபேசி பொதுவாக 0.2 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலில் அனுப்புவதில்லை. 900 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் 2ஜி கைபேசி, விட்டுவிட்டு அலையை அனுப்பும் கணங்களில், 2 வாட் வரை எட்டும். 4ஜி தடுமாறும் பள்ளத்திலும் வெறும் பேச்சழைப்பு சில வேளை கிடைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். திரையில் தெரியும் சிக்னல் கோடுகள் கோபுரத்தின் குரல் கைபேசிக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. கைபேசியின் குரல் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டுவதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வாட்ஸப்பும் ஸூமும் வகுப்பறைகளானபோது இந்த வேறுபாடு பிள்ளைகளின் கையில் வந்து நின்றது. லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில் அமர்ந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரற்பதிவு வந்து சேரும். விடையெழுதிய கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலோ, படத்தின் நடுவில் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும்.

இறங்குவழியை மட்டும் எண்ணும் இதே பழக்கம் சமயப் பேச்சிலும் உண்டு. அருள் எங்கும் பரவியிருக்கிறது, வானொலியைச் சரியான அலைவரிசையில் திருப்புவதே நம் வேலை என்ற உவமை சமயச் சொற்பொழிவுகளில் பழகிப்போன ஒன்று. ஆன்மாவை மறைக்கும் ஆணவ மலத்தை விளக்க அது ஒருவாறு பயன்படலாம். ஆனால் அது குறையை எப்போதும் கேட்பவரின் மீதே ஏற்றுகிறது என்பதை நோக்க வேண்டும். முகட்டின் நிழலில் வாழும் பிள்ளையின் கைபேசி எந்தத் தவறும் செய்யவில்லை. மேலும் வானொலி கேட்க மட்டுமே தெரிந்த கருவி. வழிபாடோ விண்ணப்பமும் சேர்ந்தது. கேட்க மட்டும் இடந்தந்து, சொல்ல இடந்தராத உறவைப் பக்தி என்று எந்த அடியாரும் ஏற்றதில்லை.

சொல்ல இடந்தராத உறவு உறவாகுமா என்ற வினாவை, இத்தோட்டங்களில் வாழும் மலையக மக்களின் வரலாறு அரசியலிலும் எழுப்பியிருக்கிறது. 1947 தேர்தலில் தம் உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அவர்களுள் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் நாடும் வாக்கும் இழந்தனர். சட்டமும் கட்டளையும் காலையில் வேலை பிரிக்கப்படும் பெரட்டுக்களத்து உத்தரவும் அவர்களை வந்தடைவது ஒருநாளும் நிற்கவில்லை. அவர்களுடைய குரல் மேலே செல்லும் வழியே அடைபட்டது. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவு செய்யப்படும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த அடைப்பு நீடித்தது. தருக்க நூலின் அளவுகோலால் அளந்தால், அக்காலத்தில் அரசுக்கும் அவர்களுக்கும் இடையே கூட்டம் என்று சொல்லத்தக்க ஒன்று இருந்ததில்லை.

வலிமையற்ற குரல் கேட்கப்படுவது எப்படி என்ற வினாவுக்குச் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒரு விடையைக் காட்டியிருக்கிறார். காஞ்சியில் காடவர்கோன் கல்லால் கோயில் எழுப்ப, பொருளற்ற அடியாரான பூசலார் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். இறைவன் அரசனின் கனவில் தோன்றி, பூசலார் கோயிலுக்குத் தாம் எழுந்தருளுவதால் குடமுழுக்கை வேறொரு நாளுக்கு வைக்குமாறு பணித்தார். பூசலார் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தவும் வழியில்லை. கேட்கும் பொறுப்பைக் கேட்பவரே ஏற்றுக்கொண்டார். தொலைத்தொடர்புப் பொறியியலும் வேறு வழியால் இதே முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது: கைபேசி உரத்துப் பேச இயலாது என்பதால், கோபுரத்தில் பல அன்ரெனாக்களும் இரைச்சல் குறைந்த பெருக்கிகளும் பொருத்தப்பட்டு, கைபேசியின் செவியைவிடக் கோபுரத்தின் செவி நுண்ணியதாக ஆக்கப்படுகிறது. ஆதலால் மலையகத்தில் எந்தத் தொடர்பு முறை சிறந்தது என்று ஒப்பிட முனைவோர், எது விரைவாகக் கொண்டுவந்து தருகிறது என்பதோடு நின்றுவிடாமல், லயத்திலிருந்து புறப்படும் மெல்லிய குரலை எது போய்ச் சேர்க்கிறது என்பதை முதலில் அளத்தல் வேண்டும்.