வலியும் உறவும்

1990களின் தொடக்கத்தில், ஆலிம் பட்டம் பெற்றுக் கடத்தூரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க நாம் வந்த புதிதில், அங்கே ஒரு பெரியவர் இருந்தார். தொழுநோய் அவருடைய விரல்களைக் குறைத்திருந்தது. ஜும்ஆவுக்குத் தவறாமல் வருவார்; கடைசி வரிசையில் தூணோரமாக நிற்பார். அவரை ஒட்டி எவரும் நிற்பதில்லை. நாமும் நின்றதில்லை.

ஒரு நாள் பொம்மிடியில் ரயிலேறிக் காட்பாடிக்குப் போனார். வேலூரை அடுத்த கரிகிரியில் கிறிஸ்தவர்கள் நடத்தும் தொழுநோய் மருத்துவமனையில் சில மாதம் தங்கினார். திரும்பி வந்தவரிடம் நலம் விசாரித்தோம். “அங்கே ஒருத்தர் என் காலைத் தம் மடியில வச்சுப் பார்த்தார், ஹஜ்ரத்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு சொல் நம்மைப் பல நூல்களுக்குள் துரத்தியது. வேலூரில் அப்பணியை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் பிறந்து, நம் பக்கத்துக் கொல்லிமலையில் வளர்ந்தவர். அவர் தந்தை 1929இல் அம்மலையிலேயே காய்ச்சலில் மாண்டார். தாயார் எவலின் அம்மையார் மலையை வெறுத்து ஓடவில்லை. ஓய்வு பெறும் வயது கடந்த பின்னரும் மட்டக்குதிரையேறி மலைச்சிற்றூர்களில் தொண்டு செய்து, 1974இல் தமது 95ஆம் வயதில் காலமானார்.

1946இல் வேலூர் வந்த மகன் கண்டறிந்த உண்மை வியப்புக்குரியது. விரல்களைத் தின்பது நோயன்று, உணர்ச்சியின்மையே. சுடுவது தெரியாமல் பாத்திரத்தைப் பிடித்து, முள் தைத்தது தெரியாமல் நடந்து உறுப்பை இழக்கின்றனர். இரவில் எலி விரலைக் கடித்தாலும் விழிப்பு வராது. ஆதலால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தாராம்! ஒரு முறை தம் குதிகாலிலேயே உணர்ச்சி இல்லையெனக் கண்டு, தமக்கும் நோய் தொற்றிற்றென இரவெல்லாம் கலங்கினார். காலையில் ஊசியால் குத்த, வலித்தது. அந்த வலிக்காக இறைவனுக்கு நன்றி கூறினார்.

வலி தண்டனையா, அருளா என்பது பழைய கேள்வி. அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை அவர்களும் ஓதுகின்றனர், நாமும் ஓதுகிறோம். சிலுவையைக் குறித்து நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. இறைவனே துன்பத்தில் பங்குகொண்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. துன்புறுபவன் தனியன் அல்லன் என்னும் ஆறுதலை அவர்கள் அங்கிருந்து பெறுகின்றனர். அல்லாஹ் அதற்கெல்லாம் அப்பாற்பட்டவன் என்பது நம் ஈமான். ஆயினும், இறைநம்பிக்கையாளர் யாவரும் ஓருடல், ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுதும் உறக்கமின்றிக் காய்ச்சல் காணும் என்ற கருத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய நிருபத்திலும் இவ்வுவமை இருக்கிறது. மருத்துவர் கண்டதை இதனோடு வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: வலி எட்டாத உறுப்பை உடல் தன்னுடையதாகவே எண்ணுவதில்லை. தூணோரத்துப் பெரியவரின் துயரம் நமக்கு எட்டவில்லை. அப்படியானால் மரத்துப்போனது யார்?

தொழுநோயாளியை விட்டு விலகச் சொல்லும் ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அத்தகையவரின் கையைப் பிடித்துத் தம் உணவுத் தட்டில் இட்டு அண்ணலார் (ஸல்) உடன் உண்டதாகத் திர்மிதியில் உள்ளதையும் அவர்கள் சொல்ல வேண்டும். அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு உண்டு, நாம் அறியாததன்று. ஆனால் முன்னதை மட்டும் நம் மக்கள் மனப்பாடம் செய்துகொண்டது எப்படி? 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண விலக்குச் சட்டத்தில் மணவிலக்குக் காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோயும் இருந்தது. கூட்டு மருந்து சிகிச்சையால் நோய் முற்றாகக் குணமாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்து, 2019இல்தான் அது நீக்கப்பட்டது.

பெரியவர் திரும்பிய அடுத்த வெள்ளிக்கிழமை, நாம் கடைசி வரிசைக்குச் சென்று அவர் தோளோடு தோள் சேர நின்றோம். பழக்கத்தால் அவரே ஓரடி விலகினார். நாமும் ஓரடி நகர்ந்தோம். அதற்குள் இகாமத் சொல்லி முடித்திருந்தார்கள்.