திருவுளச்சீட்டும் கணினி மழையும்

கணினியில் மழையின் ஓசையை உருவாக்க முனையும் ஒலி வடிவமைப்பாளர், ஒவ்வொரு துளியும் எக்கணத்தில், எவ்வளவு வலுவுடன் விழ வேண்டும் என்று தாமே குறித்தால் அது மழையாகாது, தாளமாகிவிடும். ஆகவே அவருடைய மென்பொருள் சமவாய்ப்பு எண்களை நாடுகிறது. பெரும்பாலும் அவ்வெண்கள் தற்செயலானவை அல்ல. தொடக்க எண் ஒன்றிலிருந்து கணக்குப் போட்டு வருவிக்கப்படுபவை. அதே எண்ணை மீண்டும் கொடுத்தால் அதே மழை ஒரு துளியும் பிசகாமல் மீண்டும் பெய்யும். இப்படிக் கணக்கின் வழியே தற்செயலைத் தேடுவோர் பாவ நிலையில் இருப்பதாகக் கணித மேதை ஜான் வான் நாய்மான் 1951-இல் வேடிக்கையாக எழுதினார். அத்தகைய முறையொன்றை வகுத்தவரும் அவரே!

பாவமற்ற வழியும் உண்டு. 1998 முதல் ராண்டம்.ஆர்க் என்னும் சேவை, வளிமண்டலத்தின் வானொலி இரைச்சலிலிருந்து எண்களைத் திரட்டித் தருகிறது. அந்த எண்களால் பெய்யும் மழைக்கும் கணக்கினால் பெய்யும் மழைக்கும் வேறுபாடு காண எந்தச் செவியாலும் இயலாது. அங்ஙனமாயின் மெய்யான தற்செயலை ஒருவர் ஏன் நாட வேண்டும்?

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951-இல் தம் பியானோ படைப்பொன்றிற்கு, ஈ-சிங் என்னும் பழஞ்சீன நூலின் முறைப்படி மூன்று நாணயங்களைச் சுண்டினார். ஆறு முறை சுண்டினால் 64 குறிகளுள் ஒன்று கிட்டும்; அது சுட்டும் ஒலியே பண்ணில் இடம்பெறும். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நீளும் அவ்விசையை இறுதிவரை கேட்பதற்குப் பொறுமை வேண்டும் என்பதை மறைப்பானேன்? ஆயினும் அவர் நாடியது நம் செவியின் இன்பமன்று. தம் விருப்பும் வெறுப்பும் இசையை ஆளாதிருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். நாணயம் சொன்னது தமக்குப் பிடிக்காவிடினும் அவர் அதை எழுதினார்.

இங்கேதான் கேள்வி கூர்மை பெறுகிறது. இருபது மழைகளைப் பெய்வித்து, தமக்கு இனித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் வடிவமைப்பாளர் தவறு செய்யவில்லை. தெரிவு செய்வது அவர் தொழில். ஆனால் அதன்பின் 'இது இயற்கையே இயற்றியது' என்று விளம்பரம் செய்வாரெனில், எண்கள் வானத்திலிருந்தே வந்திருப்பினும் சொல் பொய்யாகிவிடுகிறது. திருவுளச்சீட்டு என்று நம் மொழி எத்துணை அழகாகப் பெயரிட்டுள்ளது! வேண்டிய பெயர் வரும்வரை அதைக் குலுக்கிக் கொண்டிருப்பவன் அறிந்துகொள்வது யாருடைய உளத்தை?

நாணயத்தின் மீது கேஜுக்குப் பற்று இருந்ததாகவும் தோன்றவில்லை. 1969-இல் லெஜாரன் ஹில்லருடன் இணைந்து இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அரங்கேற்றிய படைப்புக்கு, ஈ-சிங் குறிகளைக் கணினியே கணக்கிட்டுத் தந்தது. அவர் அவற்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்.